தரைப்பாலத்தின் மேல் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் தென்மாவட்டச் சாலைகளில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. பாய்ந்த நீர் ஓடையில் இறங்கி, தரைப்பாலத்தின் மேலேறி, செம்மண் நிறத்தில் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. இரு கரைகளிலும் பேருந்தும் லாரியும் ஆட்டோவும் வரிசையாக நிற்கின்றன. வேட்டியை மடித்துக் கட்டிய சிலர் நீரின் விளிம்பில் நின்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்நேரம் பின்னாலிருந்து உயரமான வண்டியொன்று ஒலியெழுப்பிக்கொண்டு வருகிறது. எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். "இது ஃபோர் வீல் வண்டி, போயிரும்" என்று கூட்டத்தில் ஒருவர் தீர்ப்பளிக்கிறார். வண்டி நீரில் இறங்குகிறது.

பெரும்பாலும் அது அக்கரை சேர்ந்தும் விடுகிறது. அதைக் கண்டு துணிவு பெற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் அதன் தடத்திலேயே தம் வண்டியையும் இறக்குகிறார். அவர் கதி என்ன ஆயிற்று என்று அக்கரை சேர்ந்தவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெள்ளத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு சிந்தனைக் கட்டுரையா என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தர வேண்டியதை ஞானக் கட்டுரையாக்குவானேன் என்றும் கேட்கலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வண்டியின் திறமை, ஓட்டுபவரின் திறமை இவ்விரண்டும் சேர்ந்த ஒரு செய்தி என்பதற்கு மேல் இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னர் ஒரு தரைப்பாலத்தில் என் வாழ்விலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி, இதில் மனச்சான்றுக்கு நிறைய வேலை இருக்கிறது என்பதைக் காட்டியது. அதைச் சொல்வதற்கு முன், அந்த நான்கு சக்கரங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நம் ஏமாற்றம் தொடங்குவது அங்கேதான்.

சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் செல்கிறது. ஃபோர் வீல் டிரைவ் என்னும் அமைப்பில் அது நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றொன்று பற்றி இழுக்கும். மலைப்பாதையிலும் மணலிலும் இது பெரிய உதவி. ஆனால் பற்றி இழுப்பதற்குச் சக்கரத்தின் கீழே தரை இருக்க வேண்டும். தரையை அழுத்தும் எடையும் இருக்க வேண்டும். சக்கரத்தின் வலிமை என்று நாம் சொல்வது, பாதியளவு தரை தரும் கடன். எடை குறையக் குறையப் பிடிப்பும் குறையும். வெள்ளம் செய்யும் முதல் வேலை இந்த எடையைக் களவாடுவதுதான்.

பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸை நினைவுகூர்ந்தால் கணக்கு எளிது. ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. பெரிய ஜீப் வகை வண்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். தண்ணீர் வண்டியின் அடித்தளத்தைத் தொட்ட பிறகு மேலும் 10 சென்டிமீட்டர் ஏறினால், ஏறத்தாழ 800 கிலோ எடையை அது தூக்கிக்கொள்ளும். இரண்டு டன் வண்டிக்கு இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அன்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். உள்ளே நீர் கசிவதாலும் வண்டியின் வடிவத்தாலும் நடைமுறையில் இந்தக் கணக்குச் சற்று மாறும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் உண்மையான வண்டிகளையே நீர்த்தொட்டியில் நிறுத்திச் சோதித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட சிறிய கார், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் 15 சென்டிமீட்டர் நீரிலேயே நகரத் தொடங்கியது. இரண்டரை டன் எடையுள்ள ஃபோர் வீல் வண்டி, அதே வேகத்தில் ஓடும் 45 சென்டிமீட்டர் நீரில் நிலைதடுமாறியது. 95 சென்டிமீட்டரில் முழுவதும் மிதந்தது; அதைத் தள்ளுவதற்குப் பெரிய வலிமை எதுவும் தேவைப்படவில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் என்பது நாம் காலார நடக்கும் வேகம். 45 சென்டிமீட்டர் என்பது வளர்ந்த ஒருவரின் முழங்கால் அளவு. நீரின் வேகம் இரு மடங்கானால் அது வண்டியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கலங்கிய நீருக்கடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று எவருக்கும் தெரியாது. காற்று செல்லும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால், அமுக்க முடியாத அந்தத் தண்ணீரை அமுக்கப் பார்த்து எஞ்சினின் உறுப்புகளே வளைந்துவிடும். அந்தக் குழாயைக் கூரை வரை உயர்த்திப் பொருத்திக்கொள்வாரும் உண்டு. அதனால் எஞ்சின் மூச்சுவிடும். வண்டியின் எடை ஒரு கிலோகூடக் கூடாது. இத்தனை ஆழம் வரை இறங்கலாம் என்று நிறுவனங்கள் சொல்லும் அளவைத் தேங்கி நிற்கும் நீருக்கான அளவாகத்தான் கொள்ள வேண்டும். ஓடும் நீரின் தள்ளுவிசை அந்தக் கணக்கில் இல்லை. தேங்கிய நீரும் கொல்லும் என்பதற்கு நம் நாட்டின் ரயில்வே சுரங்கப்பாதைகளே சான்று. 2024 செப்டம்பரில் ஃபரிதாபாதில் அத்தகைய சுரங்கப்பாதை ஒன்றில் உயரமான பெரிய காருடன் இறங்கிய இருவர் உயிரிழந்தனர். அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர், வண்டியோடு வெள்ளத்தில் இறங்கியவர்கள் என்று அந்நாட்டு அரசுத் துறையினரே சொல்கின்றனர். பழைய ஜீப்புக்குக் கதவே இராது, குதித்தாவது தப்பலாம். இன்றைய வண்டிகள் நம்மைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டிவிடுகின்றன.

இனி அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

1990களில் ஒரு கார்த்திகை மாதம். என்னை வளர்த்த பெரியம்மா இறந்துபோனதாகக் காலையில் செய்தி வந்தது. சாத்தான்குளத்துக்கு அப்பால், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். மாலை 4 மணிக்கு அடக்கம். குளிர்ப்பெட்டி வசதி எல்லாம் சிற்றூர்களை எட்டாத காலம், மழை வேறு, காத்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டில் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்தோம். நான், என் மனைவி, குழந்தைகள் இருவர், என் தாயார், மைத்துனரும் அவர் மனைவியும் என எழுவர். ஓட்டி வந்த பையனுக்கு 22, 23 வயதிருக்கும். வண்டி அவனுடையதன்று, சம்பளத்துக்கு ஓட்டுபவன்.

ஊருக்கு 4 கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு தரைப்பாலம். அதன் மேல் தண்ணீர். ஒரு பேருந்து ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது. பையன் ஜீப்பை நிறுத்தினான், இறங்கிப் போய் நீரில் கால் நனைத்துப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"சார், தண்ணி இழுப்பு கூடுதலா இருக்கு. பாலத்தோட ஓரம் தெரியல. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம் சார்."

"ஏல, பஸ்சு நிக்குன்னா அது பஸ்சு. இது ஜீப்புல்லா! அந்தக் கம்பியைப் போடு, நாலு சக்கரமும் இழுக்கும்" என்றார் மைத்துனர்.

பையன் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஆசிரியன்; வயதிலும் மூத்தவன்; வாடகை கொடுப்பவனும் நானே. என் கைக்கடிகாரம் 3.20 காட்டியது. நான் சொன்னேன்: "தம்பி, நல்ல காரியத்துக்குப் போறோம். மாதா கூட இருக்கா. மெதுவா விடு."

"சரி, சார்" என்றான்.

அந்தச் 'சரி'யை நான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் இணக்கம் இல்லை. மறுத்துச் சொல்ல அவனுக்கு இடமில்லை என்பதுதான் அதன் பொருள்.

கியருக்குப் பக்கத்திலிருந்த சிறிய நெம்புகோலை மாற்றி, வண்டியை மெல்ல இறக்கினான். பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். பாதிப் பாலம் வரை ஜீப் திடமாகச் சென்றது. "சொன்னேன்ல" என்று மைத்துனர் வாய் திறந்த அதே நேரத்தில், வண்டியின் பின்பகுதி யாரோ மெதுவாகத் தள்ளுவதைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்தது. பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை, ஓசையும் இல்லை. அது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நான்கு சக்கரங்களும் சுழன்றுகொண்டுதான் இருந்தன; வண்டி அவற்றின் சொல்லைக் கேட்கவில்லை. பின்சக்கரம் ஒன்று பாலத்தின் விளிம்பைத் தாண்டி இறங்கியது. ஓரத்துக் காப்புக்கல் ஒன்றில் வண்டி மோதிச் சாய்ந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. நீர் உள்ளே புகுந்து குழந்தைகளின் மடி வரை வந்தது.

அக்கரையில் நின்ற ஆட்களில் நால்வர், ஒரு வடக்கயிற்றை வேலமரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கினார்கள். முதலில் குழந்தைகளையும், பிறகு பெண்களையும் ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து கரை சேர்த்தார்கள். என் தாயாரை இறக்கும்போது ஜீப் ஒருமுறை அசைந்தது. அவர்களில் ஒருவர் "ஆ" என்று குரல் கொடுத்தார். சக்கரத்துக்கும் கல்லுக்கும் இடையில் அவர் கால் மாட்டியிருந்தது. இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரையில் உட்கார்ந்து துண்டால் காலைக் கட்டினார். "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்றார். நான் ஐம்பது ரூபாயை எடுத்து அவர்களில் ஒருவர் கையில் வைத்து, "எல்லாரும் டீ குடிங்க" என்றேன். பிறகு நனைந்த உடையோடு ஊரை நோக்கி நடந்தோம்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் பங்குக் கோவிலில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். மாதாவின் புதுமை என்று உறவினர் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்; உண்மையாகவே நம்பினேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவ்வூர் உறவினர் ஒருவர் திருமண வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னார்: கால் மாட்டிக்கொண்ட அந்த மனிதர் பனையேறி. பாத எலும்பு முறிந்திருக்கிறது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப்போட்டு அது சரியாகக் கூடவில்லை. அவ்வாண்டுப் பதநீர்க் காலம் முழுவதும் அவர் மரம் ஏறவில்லை. பனையேறியின் வீட்டில் பதநீரும் கருப்பட்டியும்தான் ஆண்டு முழுவதற்குமான சோறு. மனைவியின் கம்மல் அடகுக்குப் போயிற்று. அந்த ஜீப் பையனைப் பற்றியும் பிறகு விசாரித்தேன். எஞ்சினைப் பழுதுபார்த்த செலவைச் சம்பளத்தில் பிடித்தார்களாம். சில மாதங்களில் அவன் ஸ்டாண்டை விட்டே போய்விட்டான். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

நாங்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்த நாளில் இவ்விருவர் பெயரும் எங்கள் மன்றாட்டில் இல்லை. பெயர்களைக் கேட்டுக்கூட வைக்கவில்லை.

இயேசு சோதிக்கப்பட்ட பகுதியை ஆண்டுதோறும் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வாசிக்கக் கேட்கிறோம். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் அலகை, தானாக ஒன்றும் சொல்லவில்லை, திருப்பாடலிலிருந்துதான் எடுத்துரைக்கிறது. வானதூதர் தாங்கிக்கொள்வர் என்ற வாக்குறுதி பொய்யன்று. பொய்யான இடத்தில் அது பயன்படுத்தப்படுகிறது. அன்று தரைப்பாலத்தில் நான் மாதாவின் பெயரை எடுத்ததும் அத்தகையதே என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. அச்சோதனைக்கு ஆண்டவர் தந்த மறுமொழி, மாசாவில் இஸ்ரயேலர் கடவுளைச் சோதித்ததை நினைவூட்டும் இணைச்சட்ட வாக்கியம். அங்கே அவர்கள் சோதித்தது தண்ணீர் இல்லாமையால். நமக்கு வாய்த்ததோ தண்ணீர் மிகுதியால்!

புனித தோமா அக்குவினார் கடவுளைச் சோதிப்பதைப் பற்றி ஆராயும்போது ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டுகிறார். "கடவுளே, உம் வல்லமையைப் பார்க்கிறேன்" என்று வெளிப்படையாகச் சவால் விடுவது ஒரு வகை. வாயால் அப்படி ஒன்றும் சொல்லாமல், தேவையும் பயனும் இன்றி ஆபத்தில் இறங்கி, தான் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டு, மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றிருப்பது மற்றொரு வகை. செயலே அங்கே சவாலாகிவிடுகிறது. இரண்டாம் வகையினர் பக்திமான்களாகவே தோன்றுவர்; தங்களுக்கும் அப்படியே தோன்றுவர். நான் செய்யக்கூடியதாக இருந்தது என்ன? ஒரு மணி நேரம் காத்திருப்பது. நடந்து சுற்றுவழியே போவது. அந்தப் பையன் கால் நனைத்து அறிந்துவந்து சொன்ன சொல்லை நம்புவது. இம்மூன்றையும் விட்டுவிட்டுத்தான் மாதாவை அழைத்தேன்.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்த எண்ணமே என் கண்ணை மறைத்தது. விளையாட்டுக்காக வெள்ளத்தில் வண்டி விடும் இளைஞரை நாம் எளிதில் கண்டிக்கிறோம். அவர்கள் குற்றம் வெளிப்படையானது. நல்ல நோக்கத்தோடு போகிறவனுக்கோ, நோக்கத்தின் நன்மை ஆற்றின் ஆழத்தையும் குறைத்துவிடும் என்ற மயக்கம் வருகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆபத்து என்று எல்லாரும் கரையில் நின்றுவிட்டால், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை யார் கொண்டுபோவது? வெள்ளத்தில் சிக்கியவரை யார் மீட்பது? 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் விரைந்து, ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். படகு போக முடியாத இடங்களில் உயரமான லாரிகளும் டிராக்டர்களும் மக்களை ஏற்றி வந்தன. அவர்களும் கடவுளைச் சோதித்தவர்களா?

அல்லர் என்றே சொல்வேன். அதற்காக, தேவை வந்துவிட்டால் எதுவும் தகும் என்றும் சொல்ல மாட்டேன். அந்த மீனவர்கள் தண்ணீரை அறிந்தவர்கள். தங்கள் உயிரைத்தான் பணயமாக வைத்தார்கள். பின்னிருக்கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. அவர்கள் எதிர்கொண்ட ஆபத்தும், அதனால் காக்கப்பட்ட உயிர்களும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை. என் தராசின் ஒரு தட்டில் எட்டு உயிர்கள் இருந்தன. மறுதட்டில், இறந்துபோன பெரியம்மாவின் முகத்தை மண் மூடுமுன் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அது சிறிய ஆசையன்று. இன்றும் அதைச் சிறியது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அது எட்டு உயிர்களுக்கு ஈடாகாது. மேலும் அந்த எட்டில் ஓர் உயிருக்கு என் பெரியம்மா யாரென்றே தெரியாது.

எட்டு என்று நான் எண்ணியதும் தவறு. கயிற்றோடு இறங்கிய நால்வரையும் சேர்த்தால் பன்னிரண்டு. வெள்ளத்தில் இறங்குபவர் தம்முடன் யாரும் இல்லை என்று ஒருபோதும் சொல்ல முடியாது. அவர் சிக்கிக்கொண்டால் கரையில் நிற்பவர் யாரேனும் இறங்குவார். இறங்காமல் பார்த்துக்கொண்டிருக்க நம் மக்களால் முடியாது. தீயணைப்புத் துறையினருக்கோ அது கடமையே. அவர்களுடைய நல்ல மனத்தை அவர்களைக் கேட்காமலே நாம் செலவழித்துவிடுகிறோம்.

2007 ஜூனில் புலம்பெயர்ந்தோர்க்கான திருப்பீட அவை, சாலைப் பயணிகளுக்கான மேய்ப்புப்பணி பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகள் உண்டு. வண்டியை அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் பொருளாக்கிக்கொள்ள வேண்டாம், அது பாவத்துக்கு வாய்ப்பாக வேண்டாம் என்கிறது ஐந்தாவது கட்டளை. வத்திக்கானுக்கு வேறு வேலை இல்லையா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. இன்றைய வண்டி விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றைக் கிழித்துக்கொண்டு பாயும் வண்டியை அவற்றில் காணலாம். அந்த ஆற்றின் கரையில் வசிப்பவரைக் காண முடியாது. பெரிய வண்டி எழுப்பும் அலை, சாலையோர வீட்டின் வாசற்படி தாண்டிச் சமையலறைக்குள் போவதைத் தாழ்வான தெருக்களில் குடியிருப்பவர்கள் அறிவார்கள். என் மகன் அண்மையில் வாங்கியிருக்கும் வண்டியில் நெம்புகோல்கூட இல்லை. ஒரு குமிழைத் திருகினால் போதும், நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன. ஆபத்துக்கும் நமக்கும் இடையில் இருந்த சிறு உடலுழைப்பும் போய்விட்டது.

ஆனால் இதை வண்டியின் குற்றமாக்கிவிட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. அன்று அந்தப் பாலத்தில் அறிவு இருந்த இடம் ஒன்று. அதிகாரம் இருந்த இடம் வேறு. தண்ணீரைக் காலால் தொட்டு அறிந்தவன் சம்பளக்காரன். முடிவு செய்தவன், கால் நனையாமல் உள்ளே உட்கார்ந்திருந்தவன். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பங்குகளிலும் இப்படி எத்தனை ஓட்டுநர்கள் "சரி, சார்" என்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். இறப்பு வீட்டுக்கோ திருவிழாவுக்கோ நேரமாகிவிட்டது என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வருகிறது. முன்னிருக்கையில் இருப்பவரின் அறிவு வாயடைத்துப் போகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அவ்விரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் செல்லும் வழியில் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்த ரயில் எஞ்சினுக்கு முன் எந்த ஃபோர் வீல் வண்டியும் எம்மாத்திரம்? அதுவும் தன் கீழே தரை இருக்கும் வரைதான் ஓடும். நிலைய அலுவலர் "நில்" என்றார், ரயில் நின்றது. பயணிகள் பசியோடும் குளிரோடும் இரண்டு நாள் வரை அங்கே தவித்தார்கள், கோபப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களில் எவருக்கும், எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும், "பரவாயில்லை, மெதுவாக விடு" என்று அவரிடம் சொல்லும் உரிமை இல்லை. ரயில்வேயில் அந்தச் சொல்லுக்கு அப்படியோர் அரண் இருக்கிறது. என் ஜீப் பையனின் சொல்லுக்கு அது இல்லை. இருந்திருக்க வேண்டுமானால் நான்தான் தந்திருக்க வேண்டும்.

செய்தி தெரிந்த பின்னும் அந்தப் பனையேறியைப் பார்க்கப் போக எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வேலை என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் அச்சம். ஒரு மாசி மாதத்தில் மனைவியோடு போனேன். திண்ணையில் உட்கார்ந்து பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். காலைச் சற்றுச் சாய்த்து நீட்டியிருந்தார். மீண்டும் மரம் ஏறுவதாகவும், முன்போல நாளைக்கு முப்பது மரம் முடியவில்லை என்றும் சொன்னார். முதலில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜீப், தரைப்பாலம் என்று சொன்ன பிறகு முகம் மலர்ந்தது. அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் கொண்டுபோயிருந்த உறையை எடுத்துக் கொடுத்தபோது, வாங்கிப் பக்கத்தில் வைத்தார், பிரித்துப் பார்க்கவில்லை. நான் சொல்ல நினைத்திருந்த மன்னிப்பைத் தொடங்குமுன் அவர் கேட்டார்:

"அன்னைக்கு அடக்கத்துக்குல்லா போனீய? நேரத்துக்குப் போய்ச் சேந்தீயளா?"

இல்லை என்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லறையை மூடிவிட்டு எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். ஏற்றி வைத்த மெழுகுதிரிகூட மழையில் அணைந்து கிடந்தது.

"அடடா" என்றார் அவர். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, காப்பி ஆறிவிடும், குடியுங்கள் என்றார்.